எங்கானா பாத்ரேயும் எழுமலைப் பந்தக்காலும்

என் முதலாளி துவார்த்தே எங்கள் குடும்பப் படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டார். பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். பெரியப்பா மகள் ஸ்டெல்லாவின் நிச்சயதார்த்தப் படம் வாட்ஸாப்பில் வந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தவர், கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டார். பெண், மாப்பிள்ளை, பட்டுப்புடவைகள், பெரியப்பாவின் புதுச் சட்டை எல்லாவற்றையும் விரலால் ஒதுக்கித் தள்ளிக்கொண்டே போய், பெரியப்பாவின் இடது காதுக்குப் பின்னால் தெரிந்த ஓர் இலையில் நின்றார்.

"இது எந்த ஊர்?" என்றார்.

"எழுமலைப் பக்கம்."

"அது எந்தக் கண்டம்?"

நான் மதுரை அரசரடியில் பிறந்து, ஹோட்டல் படிப்பு படித்து, எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் போர்ச்சுகலின் வடக்கே ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஒட்டிக்கொண்டவன். துவார்த்தேயின் அந்தத் தோட்டத்தில் பதினொரு கொடிகள் மட்டும் தனி வரிசையில் நிற்கும். வெள்ளை ஒயினுக்கான, அந்த மண்ணுக்கே உரிய பழைய ரகம். பெயர் எங்கானா பாத்ரே. 'சாமியாரை ஏமாற்றி' என்று பொருள்; பாதிரியாரை எங்கள் பக்கத்தில் சாமியார் என்போம். பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும். அந்தக் காலத்தில் விளைச்சலில் தன் பங்கை வாங்க வரும் சாமியாரிடம் "இன்னும் காய்தான்" என்று காட்டி அனுப்பிவிட்டு, மறுநாள் அறுத்துக்கொள்வார்களாம்.

அந்த ரகத்தை உலகத்தில் வேறு யாரும் வைத்திருக்கவில்லை. அந்தப் பதினொன்றுக்கும் இப்போது வைரஸ் நோய். நோயில்லாத ஒரே ஒரு குச்சி கிடைத்தால் மறுபடியும் ஒரு தோட்டம் உண்டாக்கலாம். இல்லாவிட்டால் எங்கானா பாத்ரேயின் கதை எங்கள் தோட்டத்தோடு முடிந்தது. துவார்த்தே இதற்காகவே வங்கி வேலையை விட்டவர். "நானா, கொடியா?" என்று மனைவி கேட்டபோது ஒரு வாரம் அவகாசம் கேட்டவர். அந்த அம்மாள் இப்போது வேறு ஊரில் நிம்மதியாக இருக்கிறார்.

காம்பு சேருமிடத்தில் சாவித் துவாரம் போல ஒரு சின்ன ஓட்டை விழுவதுதான் இந்த இலைக்கு அடையாளம். பெரியப்பாவின் காதுக்குப் பின்னால் அந்த ஓட்டை இருந்தது. எந்தக் காலத்துச் சாமியாரோ பூசைக்குத் திராட்சை ரசம் வேண்டுமென்று கொண்டுவந்து, படம் எடுத்த இடமான எங்கள் பூர்வீக ஊர்க் கோயில் கிணற்றடியில் நட்டிருக்கிறார்.

இரண்டு அரசாங்கங்களிடம் துவார்த்தே அனுமதிக் கடிதம் வாங்கினார். ஐந்து குச்சிகள் வரை எடுக்கலாம், வேர் கூடாது, மண் கூடாது. மதுரையில் ஓர் அதிகாரி வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் பார்த்து முத்திரை குத்த வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் கடிதம் வெறும் காகிதம். ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் அதே வாரம் புதன்கிழமை. ஆக, நான் தங்கைக்காகவும் அவர் இலைக்காகவும் ஒன்றாகக் கிளம்பினோம். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே பெரியப்பாவுக்குப் போன் செய்து, "முதலாளி நம்ம கோயில் திராட்சையப் பாக்க வாராரு" என்று சொல்லிவைத்தேன். எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ஒரு போன்தான்.

திங்கட்கிழமை மதுரை. தை மாதத்து வெயிலை எங்கள் வீட்டில் குளிர் என்றார்கள், துவார்த்தே சூளை என்றார். காலையில் தெருவில் பருத்திப்பால் விற்றது. "பருத்தியில் யார் பால் கறக்கிறார்கள்?" என்று கேட்டார். விதையை அரைத்துப் பிழிவது என்று விளக்கியும் நம்பாமல், நம்பிக்கை வருவதற்காக மூன்று டம்ளர் குடித்தார். அவர் ஊரில் காலைச் சாப்பாடு என்பது ஒரு மிடறு கசப்புக் காப்பியும் ஒரு துண்டு ரொட்டியும். எங்கள் அம்மா வைத்த ஒன்பதாவது இட்லியின்போது, "இது ஒரு வேளையா, ஒரு வாரமா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

கல்யாண மாலைக்குச் சொல்லிவைக்க மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போனோம். மூட்டை மூட்டையாக மல்லிகை கொட்டிக் கிடந்தது. அவர் பூவைப் பார்க்கவேயில்லை. கண்ணில் பட்ட இலையையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெற்றிலை விற்ற ஓர் அம்மாள் என்னைக் கூப்பிட்டார்.

"யாருண்ணே இவரு?"

"இலை பாக்குறவருக்கா."

"ஜோசியமா? எனக்கும் ஒண்ணு பாக்கச் சொல்லுங்க."

நான் வாய் திறப்பதற்குள் ஒரு வெற்றிலையை எடுத்து நீட்டிவிட்டார். துவார்த்தே அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்து, மெக்னீசியம் குறைவு என்றார். "சத்து கம்மியா இருக்காம்" என்று மொழிபெயர்த்தேன்.

"ஆத்தாடி! டாக்டரம்மாவும் அதத்தான சொன்னாக!" என்று அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த பத்து நிமிடத்தில் எங்களைச் சுற்றி ஆளுக்கு ஓர் இலையோடு ஒரு வரிசை நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரை வெளியே இழுத்துவருவதற்குள் என் சட்டைப் பொத்தான் இரண்டு போயின.

செவ்வாய்க்கிழமை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம். துவார்த்தே மடியில் ஒரு வெள்ளை ஐஸ் பெட்டி. குச்சிகளை வாடாமல் கொண்டுபோவதற்காகப் போர்ச்சுகலிலிருந்தே அதைச் சுமந்து வந்திருந்தார். குழந்தையை வைத்திருப்பது போல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் பெட்டியைத் தட்டினார்.

"உள்ள என்ன?"

"இப்ப ஒண்ணுமில்லண்ணே, ஐஸ்தான். அங்க போய் வெட்டி எடுத்து வைக்கணும். எடுத்த உடனே ஏரோப்ளேன்ல கொண்டுபோகணும், இல்லேன்னா உயிர் போயிரும்" என்றேன். திராட்சைக் குச்சியைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது என்ற பெருமை எனக்கு.

கண்டக்டர் முகம் மாறியது. குனிந்து, "கிட்னியா, இருதயமா?" என்றார்.

மறுப்பதற்குள் பஸ் முழுக்கச் செய்தி போய்விட்டது. எங்களுக்கு முன்சீட்டு காலியானது. ஒரு பெரியவர் துவார்த்தேயின் நெற்றியில் திருநீறு பூசினார். "யாருக்கு வைக்கப் போறாக?" என்று ஒருவர் கேட்க, "போர்ச்சுகல்லயாம்" என்று இன்னொருவர் சொல்ல, "அம்புட்டுத் தூரமா!" என்று பஸ்ஸே உச்சுக்கொட்டியது. டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. உசிலம்பட்டியைத் தாண்டியதே தெரியவில்லை. நாங்கள் இறங்க வேண்டிய ஊரும் கண்ணெதிரே வந்து கண்ணெதிரே போய்விட்டது. "அண்ணே, எங்க ஊரு!" என்று கத்தினேன். "மாப்ள, பதறாத. நேரா ஆஸ்பத்திரிதான்" என்றார் டிரைவர். எழுமலை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுக் கைகூப்பினார்கள். பஸ் கண்ணை விட்டு மறையும்வரை நாங்கள் உள்ளே போவது போல நின்றுவிட்டு, ஷேர் ஆட்டோவில் ஊர் திரும்பினோம்.

ஊர் எல்லையிலேயே பிளெக்ஸ். 'திராட்சை வேந்தரே வருக! போர்ச்சுகல் தந்த பொன்மகனே வருக!' துவார்த்தேயின் முகம் ஆள் உயரத்துக்கு இருந்தது. ஓரத்தில் தபால்தலை அளவில் மணமக்கள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் அதன் முன்னால் குழப்பத்தோடு நின்றிருந்தார்கள்.

பெரியப்பா அந்த ஊர்க் கோயிலின் உபதேசியார். சாமியார் வராத நாளில் செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு நடத்துவது, வளாகத்தைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர்தான். ஓடிவந்து துவார்த்தேக்கு மாலை போட்டு, கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். துவார்த்தே கைப்பேசியில் அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு நடந்தார். கிணறு இருந்தது. கிணற்றடியில் சுண்ணாம்புக் கோடு போட்ட சமதரையும், சாமியானாவும், ஐம்பது நாற்காலியும் இருந்தன. சாமியானா முழுக்கக் கருநீலப் பிளாஸ்டிக் திராட்சைக் குலைகள் தொங்கின. மேசை மேல் கம்பத்துப் பன்னீர்த் திராட்சை ஒரு கூடை.

"எப்பிடி இருக்கு?" என்றார் பெரியப்பா.

"பெரியப்பா, இங்க ஒரு கொடி இருந்துச்சே?"

"அதையேன் கேக்குற! எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து ஒரு வருசங்கூடப் பழுத்ததில்ல. எப்பப் பாத்தாலும் பச்சக் காய். வெளிநாட்டுலருந்து ஒரு மனுசன் திராட்சையப் பாக்க வாராரு, அவருகிட்டப் போயி அத காட்டுறதா? ஊருக்கே அசிங்கம்ல. வெட்டி எறிஞ்சு, பொக்லைன் விட்டு வேரோட தோண்டி, மண்ணடிச்சுச் சமப்படுத்திட்டோம்."

வீட்டுக்கு விருந்தாள் வந்தால் கிழிந்த பாயைச் சுருட்டிப் பரணில் போடுவோம் இல்லையா, அந்த நல்லெண்ணம்தான். ஆனால் அந்த ஆள் வந்ததே பாயைப் பார்க்க. நான் எப்படி மொழிபெயர்ப்பது? வரிக்கு வரி அப்படியே சொன்னேன். துவார்த்தே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். மாலையைக் கழற்றவில்லை.

"அது காய் இல்லை. பழுத்துத்தான் இருந்தது. ஒவ்வொரு வருடமும் பழுத்திருக்கிறது. அதன் பெயரே அதுதான்" என்றார்.

நான் சொன்னதைக் கேட்டதும் பெரியப்பா மேசை மேலிருந்த திராட்சைக் கூடையைத் துண்டால் மூடினார். சுற்றி நின்றவர்களில் ஒருவர், "அதான் கிளிக எல்லாம் அதுலயே விழுந்து கெடந்துச்சா" என்றார்.

வெட்டிய கொடி எங்கே என்று துவார்த்தே கேட்டார். இலையெல்லாம் ஆடு தின்றுவிட்டது. கட்டை குச்சியெல்லாம் காய்ந்து, அன்று காலையில்தான் விறகாகி, அவருக்கென்று வைத்த பிரியாணியின் அடியில் எரிந்து முடிந்திருந்தது. பிரியாணி வந்தது. துவார்த்தே ஒரு வாய் எடுத்து வைத்தார். கண் கலங்கியது. அவர் ஊரில் திராட்சைக் குச்சியை எரித்துத்தான் இறைச்சி வாட்டுவார்கள். "அதே வாசனை. எங்கானா பாத்ரேதான், சந்தேகமே இல்லை" என்று அழுதுகொண்டே இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பெரியப்பா அன்று சாப்பிடவே இல்லை. எனக்கும் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் பிரியாணி நன்றாக இருந்தது.

புதன்கிழமை கல்யாணம். துவார்த்தேக்கு வேட்டி கட்டி, அதன் மேல் பெல்ட்டும் போட்டுவிட்டோம். பூசை முடிந்து எல்லாரும் வீட்டு வாசலில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது வேட்டி நழுவ, அவர் பந்தலின் மூலைக் கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கிக் குனிந்தார். குனிந்தவர் போர்ச்சுகீஸியத்தில் அலறினார்.

"பாம்பு!" என்று யாரோ கத்த, மாப்பிள்ளையின் மாமா ஒரு தடியை ஓங்கிக்கொண்டு பாய்ந்தார். துவார்த்தே ஒரு கையில் வேட்டியும் இன்னொரு கையில் கம்பமுமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அடிக்காதே! என்னை அடி!" என்றார். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

அது பந்தக்கால். கல்யாண வீட்டில் பந்தல் வேலையைத் தொடங்க முதலில் ஒரு மூங்கிலை ஊன்றி, அதோடு ஒரு பச்சைக் குச்சியையும் நட்டு, மஞ்சள் பூசிப் பால் ஊற்றுவார்கள். எங்கள் ஊரில் வேதக்காரரான எங்களைப் போன்ற கிறிஸ்தவர் வீட்டிலும் உண்டு. இடையில் நல்ல நாள் இல்லை என்று பெரியம்மா பன்னிரண்டு நாளைக்கு முன்பே நட்டுவிட்டார். அன்றைக்குத்தான் கொடியையும் வெட்டியிருக்கிறார்கள். பந்தல்காரருக்குப் பச்சைக் குச்சி தேவைப்பட, வெட்டிப் போட்ட குவியலிலிருந்து விரல் தடிமனில் ஒன்றை உருவி நட்டிருக்கிறார். பெரியம்மா தினமும் காலையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். மஞ்சளுக்குள்ளிருந்து மிளகு அளவில் ஒரு பச்சை மொட்டு முட்டிக்கொண்டு வந்திருந்தது.

துவார்த்தே கத்தரியை எடுத்தார். பெரியம்மா குறுக்கே வந்து நின்றார்.

"பந்தக்கால்ல கைய வைக்கப்புடாது. கல்யாணம் முடிஞ்சு மூணாம் நாளுதான் பிடுங்கணும். அதுக்கு முன்ன யாராச்சும் தொட்டா எம் பிள்ள வாழ்க்கைக்கு ஆகாது."

மூணாம் நாள் என்றால் சனிக்கிழமை. அதிகாரி வெள்ளிக்கிழமை நாலு மணி வரைதான். துவார்த்தே என் முகத்தையும் பெரியம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு துண்டு நறுக்கினால் போதும் என்று கெஞ்சினார். "பிடுங்குறதே தப்புங்கிறேன், நறுக்குறதுங்கிறாரே!" என்று பெரியம்மா வாயில் கைவைத்தார்.

வியாழக்கிழமை முழுக்கப் பேச்சுவார்த்தை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஸ்டெல்லாவே போன் செய்து, "அம்மா, குடுத்துருங்க, எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். "நீ நேத்துப் போனவ, ஒனக்கென்ன தெரியும்?" என்று போனை வைத்துவிட்டார். பங்குச் சாமியாரிடம் போனோம். பொறுமையாகக் கேட்டார். "திருச்சபைச் சட்டம்னா நான் விலக்கு குடுத்துருவேன். இது ஒங்க பெரியம்மா சட்டம். எனக்கு அதிகாரம் இல்ல" என்று காப்பி கொடுத்து அனுப்பினார்.

துவார்த்தே பந்தக்கால் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆடு வந்தால் விரட்டினார். பெரியம்மாவுக்கும் மனசு கேட்கவில்லை. மணிக்கொரு தரம் சோறு, முறுக்கு, வாழைப்பழம் என்று கொண்டுவந்து அவரிடம் கொடுப்பார், குச்சியையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். இருவருக்கும் காவல் ஒன்றுதான், காரணம்தான் வேறு.

சாயங்கால செபம் முடிந்ததும் பெரியப்பா எழுந்தார். ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகளை மிரட்டும் குரலில், "ஆண்டவர் என்னைக்கு மரிச்சார்?" என்று பெரியம்மாவைக் கேட்டார்.

பெரியம்மா திடுக்கிட்டு, "வெள்ளிக்கெழம" என்றார்.

"உயிர்த்தது?"

"ஞாயித்துக்கெழம."

"அது எத்தனாம் நாள்?"

"மூணாம் நாள்." தினமும் விசுவாச அறிக்கையில் சொல்கிற வார்த்தை, தானாக வந்தது.

"எண்ணு."

பெரியம்மா விரல் விட்டார். வெள்ளி, சனி, ஞாயிறு.

"இப்ப கல்யாணத்தன்னைலருந்து எண்ணு."

புதன், வியாழன். மூன்றாவது விரலில் நின்றுவிட்டார். எங்கள் எல்லார் கண்ணும் அந்த விரலில் இருந்தது. துவார்த்தேக்கு ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் அவரும் விரலையே பார்த்தார்.

"ஆண்டவருக்குச் சரியான கணக்கு ஒனக்குச் சரியில்லையா?" என்றார் பெரியப்பா. குரல் உடைந்திருந்தது. "நான் அந்த மனுசனுக்குப் பண்ணுனதுக்கு வேற பரிகாரம் தெரியலத்தா."

பெரியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "முப்பது வருசமா கல்யாண நாள விட்டுட்டு நான் எண்ணும்போதெல்லாம் சும்மா இருந்துட்டு, இப்ப வேதத்த எடுக்குறீக" என்று முந்தானையை உதறிவிட்டு உள்ளே போனார். வாசலில் நின்று திரும்பி, "காலைல பால் வாங்கிட்டு வாங்க. சும்மா பிடுங்கக்கூடாது" என்றார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பால் தெளித்துச் செபம் சொல்லிப் பந்தக்காலைப் பிடுங்கினோம். குச்சியின் அடியில் நூல் போல மூன்று வெள்ளை வேர்கள். துவார்த்தே முழங்காலில் உட்கார்ந்துவிட்டார். வேரோடு கொண்டுபோக அனுமதி இல்லை. அதனால் நடுவில் நறுக்கினார். வேருள்ள அடித்துண்டை, சாமியானாவைப் பிரித்துத் தள்ளிவிட்டுப் பழைய இடத்திலேயே குழி தோண்டிப் பெரியப்பா நட்டார். மேல்துண்டு ஒரு சாண். அதில் இரண்டே மொட்டு.

அதை ஈரத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கத் துவார்த்தே கை நீட்டினார். பெரியம்மா உடனே கொடுக்கவில்லை. புதன்கிழமை மகளை அனுப்பும்போது கண்ணில் ஒரு சொட்டு வராமல் நின்றவர், இப்போது மூக்கை உறிஞ்சினார். "வெயில் எம்புட்டு அடிச்சாலும் தாங்கிக்கும். தண்ணி மட்டும் காலைல ஊத்தணும், மறந்துறக் கூடாது. ஏதாச்சும்னா ஒரு போன் போடுங்க" என்றார். இதையேதான் கொஞ்சம் மாற்றி மாப்பிள்ளையிடமும் சொல்லியிருந்தார். துவார்த்தே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்.

மூன்றரை மணிக்கு முத்திரை விழுந்தது.

இப்போது அந்தக் குச்சி போர்ச்சுகலில், நோய் இருக்கிறதா என்று பார்க்கும் நிலையத்தில், தனிக் கண்ணாடி அறைக்குள் இருக்கிறது. இரண்டு வருடம் பக்கத்தில் வேறு செடி எதுவும் வரக்கூடாது என்பது விதி. ஏப்ரலில் ஒரு மொட்டு விரிந்தது. காம்பருகே சாவித் துவாரத்தோடு ஓர் இலை. படம் எடுத்துப் பெரியம்மாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"என்னடா, தனியா வச்சிருக்காரு? தொணைக்கு ஒண்ணுமே இல்லையா?"

விதியைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற துவார்த்தே, என்ன கேட்கிறார்கள் என்றார். சொன்னேன். அவர் கொஞ்சமும் சிரிக்காமல், "தனியாக இல்லை என்று சொல். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு, தினமும் நான் அங்கேதான் சாப்பிடுகிறேன்" என்றார். அதைப் பெரியம்மாவுக்குச் சொன்னேன்.

"சரி" என்றார் பெரியம்மா. போனை வைக்கப் போனவர், "சாப்புட்டுட்டு மட்டும் எந்திரிச்சுப் போயிறாம, ரெண்டு வார்த்த பேசச் சொல்லு. புது எடம்ல" என்றார்.